கறிவேப்பிலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்... பட்டாம்பூச்சி தானாக வந்து நிற்கும்!

வருசநாட்டு வீட்டுக் கொல்லையில் ஓர் இளவேனில். கையில் ஒரு செல்போன் போதும்

பங்குனி மாதத்துக் காலை, மணி ஏழு. வருசநாட்டில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். பின்னால் நிற்கும் இலவ மரம் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் காயாகத் தொங்கவிட்டிருக்கிறது. வெடித்த காயிலிருந்து பஞ்சு பிரிந்து, மெல்ல மிதந்து வந்து, துவைக்கிற கல்லில் உட்காருகிறது. செம்பருத்திச் செடிக்கு முன்னால் அப்பாவின் செல்போனோடு ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். அரை மணி நேரமாக அதே இடம். கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று வரும், பூவைத் தொடும், பையன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் சுவர் தாண்டிப் போய்விடும். போனில் நாற்பது படம் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றிலும் பூ இருக்கிறது. பூச்சி ஒன்றில்கூட இல்லை.

"என்னய்யா, இலவு காத்த கிளி மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டபடி கறிவேப்பிலை ஒடிக்க வருகிறார் அப்பத்தா. கொத்தைத் திருப்பிப் பார்க்கிறார். பச்சைப் பசேலென்று, சுண்டுவிரல் தடிமனில் ஒரு புழு. "சனியன், செடியவே மொட்டையாக்கிடுச்சு" என்று காம்போடு கிள்ளிக் கோழிக்கு வீசுகிறார்.

பேரன் எதற்காக அரை மணி நேரம் காத்திருந்தானோ, அதைத்தான் அப்பத்தா கோழிக்குப் போட்டார். இரண்டு பேருக்குமே அது தெரியாது.

வருசநாட்டில் மட்டுமல்ல, கறிவேப்பிலை நிற்கிற எந்த வீட்டிலும் இப்படி ஒரு காலை நடக்கும். செல்போனில் பட்டாம்பூச்சியைப் படம் எடுப்பது எப்படி என்று சொல்லித்தர இணையத்தில் ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. அந்த ஆப், இந்த செட்டிங் என்று அடுக்குவார்கள். தப்பில்லை. ஆனால், பெரும்பாலும் எல்லோரும் பூவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் இலை.

ஆறு மணலாகும்போது கொல்லை பச்சையாகும்

தேனி மாவட்டத்தின் தெற்குக் கோடியில், மேற்கே மேகமலையும் கிழக்கே வருசநாட்டு மலைத்தொடரும் நிற்க, நடுவில் நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு இது. வைகை பிறப்பது இந்த மலைகளில்தான். மூல வைகை என்ற பெயரோடு வருசநாடு, கடமலைக்குண்டு வழியாக வடக்கே இறங்கி, ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணைக்குப் போகிறது. சுற்றியுள்ள காடுகள் 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மலை உச்சியில் ஈரமான சோலைக்காடு, அடிவாரத்தில் முள்ளும் புதருமான வறண்ட நிலம், நடுவில் இலவு, தென்னை, முருங்கை, முந்திரி. இத்தனை விதமான செடிகொடி இருக்கிற இடத்தில் பட்டாம்பூச்சிக்குப் பஞ்சம் வராது.

பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். மரங்களுக்குப் பஞ்சாங்கம் தெரியாதே... மாசியிலேயே மா பூத்துவிடும், முருங்கை பூத்துவிடும். பங்குனியில் வேம்பும் புங்கமும் தளிர்விடும். குளிர்நாடுகளில் பனி உருகியதும் வருகிற வசந்தம் மாதிரி இல்லை நம் வசந்தம். இங்கே அது கோடையின் வாசல்படி. ஆறு மணலாகிவிடும். வயல் வரப்பில் இருந்த தும்பையும் மூக்குத்திப் பூவும் காய்ந்து கருகிவிடும்.

தமிழ்நாட்டின் சமவெளியில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாகத் தெரிவது மழை கொட்டி ஓய்கிற ஐப்பசி முதல் தை வரைதான். பங்குனியில் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆனால் படம் எடுப்பவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. வெளியே பூவும் ஈரமும் இல்லாதபோது, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்கிற கொல்லைதான் பட்டாம்பூச்சிக்குக் கடைசிப் புகலிடம். இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி, துலுக்க சாமந்தி என்று நாலு செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற வீடு, அந்தத் தெருவுக்கே டீக்கடை மாதிரி. தேடி வரும்.

குழாயடியில், துவைக்கிற கல் ஓரத்தில், ஈர மண்ணில் நாலைந்து பட்டாம்பூச்சிகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவே இல்லாத இடத்தில் என்ன வேலை? உப்பு. ஈர மண்ணில் கரைந்திருக்கும் சோடியத்தை உறிஞ்சுகின்றன. உட்காருபவை பெரும்பாலும் ஆண்கள். பூவில் இரண்டு நொடி உட்காருகிற அதே பூச்சி, ஈர மண்ணில் பல நிமிடம் அசையாமல் இருக்கும். ஆகவே கொல்லையில் ஒரு மூலையில் மண்ணை நனைத்து, அது காயாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் படம் கிடைத்த மாதிரி.

இன்னொரு சௌகரியம், காற்று. ஆனி, ஆடியில் கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் காற்று கிளம்பிவிட்டால், பூவையே போகஸ் செய்ய முடியாது. அப்புறம் பூச்சியை எங்கே பிடிப்பது? பங்குனி, சித்திரையின் காலை வேளைகள் ஓரளவு அமைதியானவை.

பூ ஹோட்டல்; இலைதான் வீடு

பட்டாம்பூச்சி தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் போகும். முட்டையிட மட்டும் எல்லாச் செடிக்கும் போகாது. ஒவ்வொரு வகைக்கும் அதன் குஞ்சுப் புழு தின்னக்கூடிய செடி என்று சில உண்டு. தாய் அந்த இலையைக் காலால் தட்டிப் பார்த்து, உறுதி செய்த பிறகுதான் முட்டை வைக்கும். அந்தச் செடி இல்லாத தோட்டத்துக்கு வருகிற பட்டாம்பூச்சி, வழிப்போக்கன். அந்தச் செடி இருந்தால் குடும்பம் நடத்தும்.

வருசநாட்டுப் பக்கம் இதற்காக நர்சரிக்குப் போகவேண்டியதே இல்லை. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் - இவற்றில் வளர்வது எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். அரளியில் வளர்வது கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த வகை. எருக்கஞ்செடியில் ஆரஞ்சு நிற வெந்தய வரியன். ஆவாரையிலும் கொன்றையிலும் வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை நிறத்தில் வேகமாகப் பறக்கிற பூச்சிகள். ஆமணக்கிலும் சீத்தா மரத்திலும் வேறு வேறு வகைகள். வேலியோரம் தரையில் படரும் ஆடுதீண்டாப்பாளையை ஆடு தொடாது. ஆனால் சிவப்பு உடம்புக் கறுப்புப் பட்டாம்பூச்சிகளுக்கு அதுதான் தாய்வீடு. தொட்டியில் அழகுக்கு வைக்கிற ரணகள்ளியின் தடித்த இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டி ஒரு புழு வாழும். வெளியே வந்தால் கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு மூன்றும் சேர்ந்த, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய பட்டாம்பூச்சி.

எல்லாப் புழுவையும் கொஞ்ச வேண்டும் என்றும் இல்லை. மாதுளங்காயைத் துளைத்து உள்ளே புகுந்து நாசம் செய்கிற புழுவும் ஒரு பட்டாம்பூச்சியின் குழந்தைதான். மாதுளை போட்ட விவசாயியிடம் போய் அதன் அழகைப் பேசினால் அடிதான் விழும். வீட்டுக் கறிவேப்பிலை விஷயம் வேறு. ஒரு புழு தின்கிற இலை, வீட்டுக்கு நாலைந்து நாள் தாளிக்கிற அளவுக்கு மேல் போகாது. செடியும் மறுபடி துளிர்க்கும்.

புழுவென்றாலே அரிக்கும் என்ற பயம் இந்தப் பக்கம் அதிகம். காரணம் முருங்கை. முருங்கை மரத்தில் அடை அடையாக ஒட்டியிருக்கும் ரோமப் புழு பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அது அந்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலையில் இருப்பது வழவழப்பான புழு; அரிக்காது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், நாற்றமடிக்கும். அவ்வளவுதான் அதன் வீரம். அந்தக் கொம்பு நீட்டும் நொடியைப் படம் பிடித்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பேசுவார்கள். அதற்காக ஆயிரம் தடவை அதைச் சீண்ட வேண்டாம்.

ஒரு மாதம், ஒரு செடி, ஒரு ஆல்பம்

வீட்டிலேயே கிடைக்கிற மிகப் பெரிய படத்தொகுப்பு இதுதான். கறிவேப்பிலைத் தளிரில் கடுகைவிடச் சிறிய, உருண்டையான, வெளிர் மஞ்சள் முட்டை. சில நாளில் பொரிந்து வருவது, காக்கை எச்சம் மாதிரி இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக, பளபளப்பாக. எச்சம் என்று நினைத்துக் குருவி விட்டுவிட வேண்டும் என்பதற்கான வேஷம் அது. நாலு முறை தோலை உரித்த பிறகு, கடைசியில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்பத்தாவின் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

நன்றாகத் தின்று முடித்ததும் ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் இருந்தால் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பாகவும் இருக்கும். நேற்று பார்த்த இடத்தில் இன்று தேடினால் கிடைக்காது. அதனால் பக்கத்தில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. முட்டையிலிருந்து இறக்கை வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். தினமும் ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வந்தால், மாதக் கடைசியில் விரலால் தள்ளிப் பார்க்கும்போது அது ஒரு குட்டி சினிமா.

இனி வருவதுதான் முக்கியம். பட்டாம்பூச்சி வெளியே வருவதற்கு முந்தைய நாள் கூடு கறுத்து, உள்ளே மடிந்திருக்கும் இறக்கையின் நிறமும் புள்ளியும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டால் மறுநாள் காலைக்கு அலாரம் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் காலையில்தான் கூடு உடையும். வெளியே வரும்போது இறக்கை கசங்கிய துணி மாதிரி சுருண்டிருக்கும். உடம்பிலிருந்து ரத்தத்தை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளித் தள்ளி, மெதுவாக விரிக்கும். சில துளி திரவம் கீழே சொட்டும். சில வகைகளில் அது செந்நிறமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அடிபட்டதல்ல. விரிந்த இறக்கை காய்ந்து இறுக ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த நேரம் முழுக்க அது பறக்காது. எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் போகலாம். ஒரு கீறல்கூட இல்லாத, ஒரு செதில்கூட உதிராத புத்தம்புது இறக்கை. லட்ச ரூபாய் கேமராக்காரர் காட்டில் நாள்கணக்கில் அலைந்தாலும் கிடைக்காத படம், பத்தாயிரம் ரூபாய் போனில் கிடைத்துவிடும். தொடாமல் இருந்தால் போதும். ஈர இறக்கையில் விரல் பட்டால் அந்தப் பூச்சி பிறகு எப்போதுமே சரியாகப் பறக்காது. கூட்டைப் பிய்த்து வீட்டுக்குள் கொண்டுவருவதும், பட்டாம்பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படம் எடுப்பதும் சிலர் செய்கிற வேலை. அப்படி எடுத்த படம் பார்த்தாலே தெரிந்துவிடும். கால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம் என்று பொம்மை மாதிரி கிடக்கும்.

வேட்டிதான் ஸ்டுடியோ

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சமையலறையிலிருந்து வருகிற போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்காது. படம் புகைமூட்டமாக வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

நேரம் காலை ஏழு முதல் ஒன்பது. பட்டாம்பூச்சி வெயிலில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டால்தான் பறக்க முடியும். அந்த நேரத்தில் இறக்கையை அகல விரித்துச் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் அதைத் துரத்தினால் நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

கிட்டே போகிறபோது மூன்று விஷயம் கெடுக்கும்: வேகம், உயரம், நிழல். நின்றபடி நடந்து போகாமல் குனிந்து, நின்று நின்று போங்கள். நம் நிழல் அதன்மேல் விழுந்தால் அந்த நொடியே பறந்துவிடும். துரத்துவதைவிட, அது திரும்பத் திரும்ப வருகிற பூவின் பக்கத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்வது உத்தமம். பல வகைகள் ஒரே பாதையில் சுற்றி வரும்.

போனில் இருக்கும் மேக்ரோ வசதி, பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய ஒன்று. பல போன்களில் அது வேலை செய்ய, சில சென்டிமீட்டர் தூரத்துக்குப் போக வேண்டும். முட்டைக்கும், கூட்டுப்புழுவுக்கும், பூவின் மகரந்தத்துக்கும் அது அருமை. பறக்கிற பூச்சிக்கு இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் ஒரு கை தூரத்திலிருந்து எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஜூமை இழுத்தால் படம் கோலப்பொடி மாதிரி சிதறும். திரையில் பூச்சியின் கண் இருக்கிற இடத்தை விரலால் இரண்டு நொடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் போகஸ் பூட்டிக்கொள்ளும். விரலைக் கொஞ்சம் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளை, மஞ்சள் இறக்கைகள் வெளிறிப்போகாமல் தப்பிக்கும். ஒரு படம் எடுத்துவிட்டுப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் பத்து எடுங்கள், எட்டை அழியுங்கள்.

இறக்கை மூடியிருந்தால் பக்கவாட்டிலிருந்து, விரித்திருந்தால் மேலிருந்து. போனும் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் முழு இறக்கையும் தெளிவாக விழும்.

பூக்களுக்கு வருவோம். செம்பருத்தியை உச்சி வெயிலில் எடுத்தால் சிவப்புத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும், நரம்பு எதுவும் தெரியாது. வெள்ளை முருங்கைப் பூவும் அப்படித்தான். அதற்குச் சிறந்த கருவி வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளை வேட்டி. இரண்டு பேர் வேட்டியின் முனைகளைப் பிடித்துப் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவில் விரித்தால், பால் மாதிரி மெல்லிய வெளிச்சம் விழும். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் இதற்குத் தனியாகத் துணி வாங்குகிறார்கள். பின்னணியில் குடமும் துடைப்பமும் தெரிந்தால், கறுப்புப் போர்வை ஒன்றைச் செடிக்கு நாலடி பின்னால் கொடியில் தொங்கவிடுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்காக வேப்ப மரத்தடியில் துணி விரித்து, உதிரும் பூவைச் சேர்ப்பார்கள் அல்லவா? குனிந்து, தரையோடு தரையாகப் போனை வைத்து அந்தத் துணியை எடுத்துப் பாருங்கள். அந்தப் பூவுக்கு இவ்வளவு அழகான ஐந்து இதழ் இருப்பதே அப்போதுதான் தெரியும்.

படத்தில் இருப்பது யார்?

செம்பருத்திக்கு வந்த அந்தக் கறுப்புப் பட்டாம்பூச்சிக்குத் திரும்புவோம். கறிவேப்பிலை அழகியின் பெண் மூன்று வேஷத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே கறுப்பும் வெள்ளைப் புள்ளி வரிசையும். மற்ற இரண்டும் ஆடுதீண்டாப்பாளையில் வளரும் இரண்டு நச்சு வகைகளை அப்படியே நகல் எடுத்தவை. அந்தச் செடியின் நஞ்சு உடம்பில் இருப்பதால் அவற்றைப் பறவைகள் தின்பதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. பறவைக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் படத்துக்குத் தெரியும். பெரிதாக்கி உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் நிஜமான நச்சுப்பூச்சி. கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலைச் செடியில் வளர்ந்த வேஷதாரி.

இதற்காகத்தான் பட்டாம்பூச்சிக்காரர்கள் அழகுக்கு ஒரு படம், அடையாளத்துக்கு இரண்டு படம் என்பார்கள். இறக்கையின் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. பல வகைகளை அடிப்பக்கத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

அடிப்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த மலையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேனியைச் சேர்ந்த வனம் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் மேகமலையில் கண்ட ஒரு சிறிய பட்டாம்பூச்சி, உலகுக்கே புதிய இனம் என்று 2023-இல் அறிவியல் இதழில் பதிவானது. சிகாரிட்டிஸ் மேகமலையென்சிஸ் என்று ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். புழக்கத்தில் கிளவுட் ஃபாரஸ்ட் சில்வர்லைன். மேற்குத்தொடர்ச்சி மலையில் புதிய பட்டாம்பூச்சி இனம் ஒன்று கண்டறியப்பட்டது 33 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. அதைக் கண்டவர்களில் ஒருவரான கலேஷ் சதாசிவன், தொழிலால் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர். பூச்சி பார்ப்பது அவருடைய ஆர்வம்.

சில்வர்லைன் குடும்பத்தின் சிறப்பே அடிப்பக்கம்தான். வெளிர் நிறத்தில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் வெள்ளிக் கம்பி இழைத்த மாதிரி பளபளப்பு. பின் இறக்கையின் முனையில் மெல்லிய வால்கள், பக்கத்தில் கண் மாதிரிப் புள்ளி. உட்கார்ந்ததும் அந்த வாலை ஆட்டும். அதுதான் தலை என்று நினைத்துப் பல்லி வாலைக் கவ்வும். பூச்சி மறுபக்கம் பறந்துவிடும். புழுவாக இருக்கும்போது எறும்புகளோடு கூட்டுக்குடித்தனம். எறும்பு காவல் காக்கும், புழு இனிப்புத் திரவம் கொடுக்கும். இவ்வளவு விசித்திரங்களோடு ஓர் உயிர் மேகமலையில் காலங்காலமாகப் பறந்திருக்கிறது. அதற்கு ஒரு பெயர் கிடைத்தது 2023-இல்தான்.

மாநிலத்துக்கென்று ஒரு பட்டாம்பூச்சி இருப்பதையும் பலர் அறியமாட்டார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழும் தமிழ் மறவனை 2019-இல் தமிழக அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. ஈரக்காட்டுப் பூச்சி அது. கறிவேப்பிலைச் செடியைத் தேடிக் கொல்லைக்கு வராது.

கொல்லைக்கு வருபவற்றைப் பதிவு செய்வதற்கு இன்று வழி இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவச ஆப்பில் படத்தை ஏற்றினால் தேதியும் இடமும் சேர்ந்து பதிவாகும். பெயர் தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். வீட்டு முகவரி வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தால் இடத்தை மங்கலாக்கும் வசதியும் அதில் உண்டு. பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும் முன் அதை அமைத்துவிடுவது நல்லது. 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுக்கப் பட்டாம்பூச்சி மாதம் கொண்டாடி, பொதுமக்களிடமிருந்து இப்படிப் படங்களைத் திரட்டுகிறார்கள். ஒரே கறிவேப்பிலைச் செடியில் வருடாவருடம் எந்த மாதம் முதல் முட்டை தென்படுகிறது என்று ஒரு வீடு குறித்து வந்தால், மழை தள்ளிப்போவதும் வெயில் முந்திக்கொள்வதும் அந்தக் குறிப்பிலேயே தெரியும். ஆய்வகத்தால் எல்லாக் கொல்லையிலும் ஆள் நிறுத்த முடியாது.

மலை ஏறாதீர்கள்; மருந்தடிக்காதீர்கள்

பட ஆசை கொஞ்சம் தொற்றிக்கொண்டதும் அடுத்து வருகிற எண்ணம், மேலே காட்டுக்குப் போனால் என்ன என்பது. இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியம், மாசியும் பங்குனியும் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று இதே தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொல்லைப்புறத்துக்கு எந்த அனுமதியும் தேவையில்லை, தீயும் வராது.

கொல்லைக்கு வருகிற ஆபத்து வேறு. ரோஜாவில் அசுவினி என்று தெளிக்கிற மருந்து, கத்தரிச் செடிக்கு அடித்தது போக மிச்சம் என்று கறிவேப்பிலைக்கும் அடித்துவிடுகிற மருந்து. அதற்கு நல்ல புழு, கெட்ட புழு தெரியாது. அந்தக் கறிவேப்பிலையைத்தான் மறுநாள் ரசத்தில் போடுகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். புழு அதிகமென்றால் கையால் எடுத்து வேலியோரத்து வேறு கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ விட்டுவிடலாம். எல்லாமே பிழைக்கப்போவதுமில்லை. குளவி வரும், சிலந்தி வரும், தவிட்டுக்குருவி வரும். அவற்றுக்கும் வயிறு இருக்கிறது. அப்படிப் போவதும் படம்தான். குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சியைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வீடு இதில் ஒரு பஞ்சாயத்து நடக்கத்தான் செய்யும். சமையலுக்கு இலை கேட்பவர் ஒரு பக்கம், படத்துக்குப் புழு கேட்பவர் ஒரு பக்கம். ஒரு சின்ன ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பக்கத்துக் கிளைகள் அடுப்படிக்கு, வேலிப்பக்கத்து ஒரு கிளை மட்டும் புழுவுக்கு. அந்தக் கிளையில் ஒரு சிவப்பு நூல்.

நூல் கட்டிய கிளையில் கூடு கறுத்துவிட்டது என்று பேரன் ஓடிவந்து சொல்கிற அன்றைக்கு, அப்பத்தாவையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட வேண்டும். காலை வெயில் சுவரேறும் நேரம். கூடு மெல்லப் பிளந்து, கசங்கிய கறுப்புத் துணி ஒன்று வெளியே தொங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அது விரியும், வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அப்பத்தா போனைப் பார்க்கமாட்டார். கிளையைத்தான் பார்ப்பார்.

"ஏய்யா, நான் கோழிக்குப் போட்டேனே... அதுவா இது?"